வெறுங்காலோடு நடக்கும் ஒழுங்கை

நியமனக் கடிதம் வந்த அன்று என் மனைவி அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, "கொப்பி பென்சில் விக்கிற மனிசனுக்கு இனிப் பிரேதம் பாக்கிற உத்தியோகமாம். நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். திருகோணமலைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. அதோடு சேர்த்துத்தான் திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற இந்த வேலையும் வந்தது. உங்களில் அநேகம் பேரும் அப்படித்தான் வந்திருப்பீர்கள். ஒருவர் வாத்தியாராக இருந்திருப்பார், இன்னொருவர் காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசாக இருப்பார். உங்கள் வீடுகளிலும் இப்படி ஏதாவது சொல்லித்தான் இருப்பார்கள்.

படிவம் நிரப்புவது, சாட்சி எடுப்பது, நீதவானுக்கு அறிக்கை அனுப்புவது எல்லாம் கந்தோரில் சொல்லித் தருவார்கள். நான் அதற்குள் போகப்போவதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. நான் ஒரு பிழை விட்டேன். அந்தப் பிழையால் ஒரு பெண்பிள்ளை செத்துப்போனாள். அதை மறைத்து வைத்துக்கொண்டு உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகையால் அதையே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முதல் இந்த வேலை ஆளை என்ன செய்யும் என்பதையும் கேட்டு வையுங்கள். தென்னைக்குக் கீழே நின்று பீடி பற்றவைத்த ஒருவரின் வீட்டுக்குப் போனேன். பீடி பற்றியது, தேங்காய் தலையில் விழுந்தது, ஆள் இல்லை. தம்பலகாமத்தில் குளக்கட்டில் உழவு இயந்திரத்தைப் பின்பக்கமாக எடுத்தவர், சீனி டின்னை எடுக்கக் கதிரையில் ஏறிய ஒரு தாய், நனைந்த படியில் அவசரமாக இறங்கிய ஒரு மாப்பிள்ளை. எல்லாரும் அன்று காலையில் எழும்பித் தேத்தண்ணி குடித்தவர்கள். பின்னேரத்துக்கு அவர்களுக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது. அந்தத் தாயின் வீட்டில் அடுப்பில் சோறு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. நான்தான் அதை இறக்கி வைத்தேன்.

கொஞ்ச நாளில் உங்களுக்கும் தொடங்கும். தென்னைக்குக் கீழே நிற்க மாட்டீர்கள். கதிரையை ஒரு தரம் ஆட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டீர்கள். என்னைப் பாருங்கள், இரும்பாக எது இருந்தாலும் முதலில் புறங்கையால்தான் தொடுவேன். தண்ணீர்ப் பைப், வாசல் கேட், பிறத்தியார் வீட்டு அலுமாரிப் பிடி, எல்லாமே அப்படித்தான். என் மனைவி, "அலுமாரிக்குச் சலாம் போட்டது காணும், சாறியை எடுத்துத் தாங்கோ" என்று பகிடி பண்ணுவார். பகிடி பண்ணட்டும். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் கையைப் பொத்திப் பிடித்துக்கொள்ளும், விடாது. புறங்கையால் தொட்டால் உதறி எறிந்துவிடும். இதை எனக்குக் கற்பித்தது எந்தப் புத்தகமும் அல்ல. லிங்கநகர்ப் பக்கம் ஓர் ஒழுங்கை, ஒரு சின்னச் சந்து, கற்பித்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஐப்பசி மழை அப்போதுதான் பிடித்திருந்தது. பின்னேரம் பொலிஸ் சார்ஜன்ட் கடைக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார். இறந்தவர் பெயர் ஹயாத்து. துறைமுகத்தில் வள்ளத்தில் சாமான் ஏற்றி இறக்குகிறவர், முப்பது வயது, நல்ல உடம்பு. வேலையால் வந்து கிணற்றடியில் குளித்திருக்கிறார். உடுத்துக் குளித்த சாரத்தைப் பிழிந்து கொடிக்கம்பியில் போடப் போனவர் அப்படியே கீழே கிடந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை, இரத்தம் இல்லை. முகத்தில் மட்டும் யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தது போல ஒரு பார்வை இருந்தது.

நான் போன நேரம் அந்த ஒழுங்கை அடங்கிப்போய் இருந்தது. அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. ஒரு வீட்டில் மரணம் என்றால் பிரேதம் போகுமட்டும் ரேடியோ பாடாது, உரல் இடிக்காது, சின்னப் பிள்ளைகளைக்கூட உரத்துக் கதைக்க விடமாட்டார்கள். வீட்டு வளவின் பின்பக்கம் செல்லையா என்பவரின் மிளகாய்த்தூள் மில் இருந்தது. அதுவும் நின்றிருந்தது. தகரக் கூரையில் காகம் நடக்கிற சத்தம் கேட்டது. செல்லையா ஒழுங்கை முகப்புக்கே வந்து என்னைக் கூட்டிப்போனார். வந்த சனத்துக்குத் தன் வீட்டிலிருந்து கதிரைகளைக் கொடுத்திருந்தார். அந்தத் தெருவிலேயே மரியாதை தெரிந்த மனிதர் அவர்தான்.

பிரேதத்தை உள்ளே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். விழுந்த இடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். நான் சும்மா நின்றேன் என்று நினைக்க வேண்டாம். கிணற்றடியில் ஒரு பல்ப் எரிவதைப் பார்த்து, கரண்டாக இருக்குமோ என்று எனக்கும் யோசனை வந்தது. கொடிக்கம்பியில் ஒற்றை விரலை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பிறகு முழுக் கையாலும் பிடித்தேன். ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். கம்பியின் ஒரு தலைப்பு மில்லின் தகரச் சுவரில் ஓர் ஆணியில் கட்டியிருந்தது. மற்றத் தலைப்பு ஒழுங்கையோரம் நட்டிருந்த இரும்புப் பைப்பில் கட்டியிருந்தது. நேவி ஏலத்தில் எடுத்த பழைய பைப். இதையெல்லாம் கண்ணால் கண்டேன். புத்திக்கு எட்டவில்லை.

அப்போது ஹயாத்தின் தாய் வந்து என் காலடியில் இருந்துவிட்டார்.

"ஐயா, என்ட புள்ளய வெட்ட வேணாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாதீங்க. மஃரிபுக்கு முந்தி அடக்க விடுங்க. உங்களுக்கும் புள்ளக் குட்டி இரிக்கும்."

என்னால் அந்த அழுகையைப் பார்க்க ஏலவில்லை. ஹயாத்துக்கு முந்தி நெஞ்சு நோவு ஏதும் இருந்ததா என்று கேட்டேன். கிழமை முழுக்க மூட்டை தூக்கியவர், நெஞ்சைத் தடவிக்கொண்டு இருந்தவர்தான் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. மாரடைப்பு, இயற்கை மரணம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பொழுதுபட்டதும் வருகிற மஃரிப் தொழுகைக்கு முந்தியே ஜனாஸாவை எடுத்தார்கள். அந்தத் தாய் என்னை வாழ்த்தினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இண்டைக்கு ஒரு நல்ல காரியம் செய்தனான்" என்று சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையைப் பற்றிக் கதை வரத் தொடங்கியது. மழைநாளில் அந்தப் பைப்படியைத் தாண்டும்போது காலில் ஏதோ ஏறுகிறதாம். எறும்பு ஊர்கிறது போல இருக்குமாம், ஆனால் குனிந்து பார்த்தால் எறும்பு இல்லையாம். சில நாள் வருமாம், சில நாள் வராதாம். ஓர் ஆடு அந்த இடத்திலேயே நாலு காலையும் நீட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. நாய்கள் அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு போயின. முஸ்லிம் ஆட்கள், அது ஓர் அவுலியா, ஒரு பெரிய இறைநேசர், அடங்கின இடம், ஹயாத்து தெரியாமல் அழுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டான் என்றார்கள். தமிழ் ஆட்கள், வைரவர் இறங்குகிற வழி என்றார்கள். இரண்டு பகுதியாரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். அந்த இடம் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்கள்.

ஒரு நாள் ஒரு கையெழுத்துக்காக நானே அந்த ஒழுங்கையால் போக நேர்ந்தது. தூறல். மில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே வந்த ஒரு வயசாளி என் காதுக்குக் கிட்ட வந்து, "செருப்பக் கழட்டுங்க ஐயா, இது அவர் நடமாடுற நேரம்" என்று கத்திச் சொன்னார். நான் நாலு எழுத்துப் படித்தவன். அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைக்கிறவன். ஆனாலும் கழற்றினேன். கால் வைத்ததும் உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரு நடுக்கம் ஏறியது. மயிர்க்கால் குத்திட்டு நின்றது. யாரோ மண்ணுக்குள் இருந்து என் காலைத் தடவிப் பார்க்கிற மாதிரி இருந்தது. பயந்துபோனேன் பிள்ளைகளே. கும்பிடாத குறையாகத் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்து வந்துவிட்டேன். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அந்த நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு ஒரு நிமிடம் நின்று கேட்டிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டி வந்திராது.

மார்கழியில் திரும்பவும் சார்ஜன்ட் கடைக்கு வந்தார். இந்தத் தரம் அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"அதே வீடு ஐயா. அதே இடம். இறந்தவரின்ர மனிசியின்ர தங்கச்சியாம்."

விஷயம் இதுதான். ஹயாத்தின் மனைவி ஸீனத் இத்தாவில் இருந்தார். புருஷன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டுக்குள்ளேயே இருப்பது அவர்கள் முறை. பிற ஆண்களின் கண்ணில் பட மாட்டார். முற்றத்து வேலை, கிணற்றடி வேலை செய்ய அவருடைய தங்கை ராவியா வந்து நின்றாள். பத்தொன்பது வயது. அன்று மழை விட்ட இடைவெளியில் ஸீனத்தின் கைக்குழந்தையின் துணிகளைக் கொடியில் போடப் போயிருக்கிறாள். ஒழுங்கையால் போன ஒருவர்தான் கம்பிக்குக் கீழே அவள் கிடந்ததைக் கண்டு குரல் வைத்திருக்கிறார்.

மழை வாடையோடு ஒழுங்கை முன்னையைப் போலவே அடங்கிக் கிடந்தது. செல்லையா முன்னையைப் போலவே வந்து என்னைக் கூட்டிப்போனார். வளவு முன்னையைப் போலவே கூட்டித் தண்ணீர் தெளிக்கப்பட்டிருந்தது. நான் போய்க் கம்பியைத் தொட்டேன். ஒன்றுமில்லை. இரண்டு மாதத்துக்கு முதல் நின்ற அதே இடத்தில், அதே ஈரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதே காகத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். எனக்கும் பேய் பிசாசில் நம்பிக்கை வந்துவிடும் போல இருந்தது.

ஆனால் அன்று வீட்டுக்குள் இருந்தவர்களின் பயம் வேறு இடத்துக்குப் போயிருந்தது. ஹயாத்தின் தாய் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே தொங்கிய திரைச்சீலையைக் கையால் காட்டிச் சொன்னார்.

"என்ட மகனும் இவ ஆக்கின சோத்தத் தின்டுதான் போய்க் குளிச்சான். அந்தப் புள்ளயும் இவ ஆக்கினதத் தின்டுதான் வெளிய போனது. ரெண்டு பேருக்கும் ஒரு காயமில்ல. இனி என்ன மறைக்க? இந்தத் தரம் வெட்டிப் பாருங்க ஐயா."

மகனை வெட்ட வேண்டாம் என்று என் காலடியில் இருந்த அதே தாய். வளவில் நின்றவர்களும் அந்தத் திரையையே பார்த்தார்கள். சார்ஜன்ட் என்னை ஒரு பக்கமாக இழுத்தார்.

"ஐயா, நஞ்சு மாதிரித்தான் இருக்கு. அவவைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வேணும். கைக்குழந்தை வேற. ஆனா என்ன செய்ய? நீங்கள் ஒரு சொல்லு எழுதித் தந்தால் காணும்."

பாருங்கள், நான் எழுதப்போகும் ஒரு சொல்லில்தான் ஒரு பெண்ணின் சீவியம் நின்றது. இயற்கை மரணம் என்று திரும்பவும் எழுதினால் பொலிஸ் போய்விடும், ஊர் வாய் போகாது. அந்தப் பெண் சாகுமட்டும் புருஷனையும் தங்கையையும் தின்றவள் என்ற பெயரோடு இருக்க வேண்டும். சந்தேகம் என்று எழுதினால் அன்றே பிடித்து மறியலில் அடைத்துவிடுவார்கள். ஜனாஸாவுக்கு நேரமாகிறது என்று ஆட்கள் வேறு நெருக்கினார்கள். இப்படியான நேரத்தில் கை தானாகவே பேனையைத் தேடும். எதையாவது எழுதிவிட்டு அந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் போல இருக்கும். அந்த அவசரத்தை நீங்கள் அடையாளம் காண வேண்டும். அன்று பேனையைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, ஒரு கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு இருந்தேன்.

"புள்ள, நான்தான் விசாரணைக்கு வந்தனான். கொஞ்சம் கதைக்கலாமோ?"

"கேளுங்க ஐயா." மெல்லிய குரல். குழந்தை பால் குடிக்கிற சத்தமும் கேட்டது. கடைசி வரைக்கும் அந்தப் பெண்ணின் முகத்தை நான் காணவில்லை.

"தங்கச்சிக்கு ஏதும் வருத்தம் இருந்ததோ?"

"ஒரு வருத்தமும் இல்ல. சிரிச்சுக்கொண்டுதான் போனா. உடுப்புக் காயப்போடுறது என்ட வேல ஐயா. நான் வெளிய வரக்கூடாதெண்டுதான் அவ போனா."

"அவ விழுந்த சத்தம் உங்களுக்குக் கேட்டதோ?"

"எங்க கேக்கிறது? மில் ஓடிக்கொண்டிருந்த. வெளிய ஆக்கள் கத்தினதும் கேக்கல்ல. செல்லையா அண்ணன் மில்ல நிப்பாட்டின பொறகுதான் என்னவோ நடந்திரிக்கெண்டு எனக்கு விளங்கின."

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அப்போதுதான் அந்த ஒழுங்கையின் அமைதி காதில் விழுந்தது. இரண்டு தரமும் நான் வந்தது மில் நின்ற பிறகு. இரண்டு தரமும் கம்பியைத் தொட்டது மில் நின்ற பிறகு. என் காலில் நடுக்கம் ஏறிய அன்று அந்தக் கிழவர் என் காதுக்குள் கத்தித்தான் பேசினார். ஏன் கத்தினார்? மில் ஓடியதால் கத்தினார்.

எழும்பி வெளியே வந்து அங்கே நின்ற பெண்களிடம் கேட்டேன். "காலில ஏறுது எண்டு சொல்லுறீங்களே, அது எந்த நேரத்தில வாறது?"

"பகலிலதான் ஐயா, மழைக்குள்ள. இண்டைக்குக் காலையிலயும் வந்த. மௌத்துக்குப் பொறகு இல்ல. அவர் ஆளெடுத்தா அண்டைக்கு அடங்கிருவார்."

அவர்கள் சொன்னது முழுக்க உண்மை. அடங்கியது அவுலியா இல்லை, மில். அதுதான் வித்தியாசம். நான் செல்லையாவைத் தேடிப் போனேன்.

"அண்ணை, மில்லை ஒருக்காப் போட வேணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "என்ன கதை கதைக்கிறீங்கள் ஐயா? அங்க பிரேதம் கிடக்கு. மிளகாய் அரைக்கச் சொல்லுறீங்களோ? என்னால ஏலாது."

வளவில் நின்ற ஆண்களுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒருவர், "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றே கேட்டார். கேட்கத்தான் வேண்டும். அந்த ஊரில் ஒருவனும் செய்யாத காரியத்தை நான் செய்யச் சொன்னேன். சார்ஜன்டுக்கும் விருப்பமில்லை. நான் குரலை உயர்த்தினேன். என் சேவைக்காலத்தில் ஒரு சாவு வீட்டில் குரல் உயர்த்தியது அன்று ஒரு நாள்தான்.

"நீங்கள் போடாட்டில், உள்ளுக்கு இருக்கிற கைப்பிள்ளைக்காரி மறியலுக்குப் போவா. போடுங்கோ அண்ணை. வாற பழி என்னில வரட்டும்."

மில்லுக்குள்ளேயே ஒரு பல்ப்பும் ஹோல்டரும் வயரும் கிடந்தன. ஹோல்டரிலிருந்து வந்த ஒரு வயரைக் கொடிக்கம்பியில் கொளுவினோம். மற்றதை இரும்பு வாளியில் கட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கினோம். எல்லாரையும் விறாந்தையில் ஏற்றினேன். கம்பியில் ராவியா போட்ட குழந்தைத் துணி ஒன்று அப்படியே கிடந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு செல்லையா போய்ச் சுவிச்சைப் போட்டார்.

மில் இரைந்தது. வானம் இருண்டிருந்தபடியால் நன்றாகத் தெரிந்தது. அந்தப் பல்ப்பின் உள்ளே இருந்த கம்பி முதலில் சிவப்பாகி, பிறகு மஞ்சளாகி எரிந்தது. மங்கலான வெளிச்சம்தான். ஆனால் பிரேதம் இருந்த வீட்டு வளவில், வெறும் கொடிக்கம்பியில் தொங்கிக்கொண்டு அது எரிந்ததை நான் இன்னும் கனவில் காண்கிறேன்.

செல்லையா வெளியே வந்து பார்த்தார். திரும்பிப் போய் மில்லை நிறுத்தினார். பல்ப் அணைந்தது. மனிதர் நம்பவில்லை. இன்னொரு தரம் போட்டார், எரிந்தது. நிறுத்தினார், அணைந்தது. மூன்று தரம் அப்படிச் செய்தார். பிறகு மில் வாசலில் இருந்த சாக்கின் மேல் இருந்துவிட்டார். மோட்டருக்குப் போகும் வயர் தகரச் சுவரில் உரசித் தோல் தேய்ந்து போயிருந்ததைப் பிறகு கண்டோம். மோட்டர் ஓடும்போது மட்டும் அந்தச் சுவரில் கரண்ட் வரும். சுவரிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து பைப்புக்கு, பைப்பிலிருந்து ஈர மண்ணுக்கு. மண் காய்ந்த நாளில் ஒன்றும் தெரியாது. செருப்பைக் கழற்றினவர்களின் காலைத்தான் அது தேடிப் பிடித்தது.

"நான் மரியாதைக்குத்தானே ஐயா நிப்பாட்டினனான்" என்றார் செல்லையா. "ரெண்டு தரமும் மரியாதைக்குத்தானே நிப்பாட்டினனான்."

அவருக்கு நான் சொன்ன பதில் உண்மையான பதில். "நீங்கள் நிப்பாட்டியிருக்காட்டில், தூக்க வந்த ஆக்களும் அந்த இடத்திலயே போயிருப்பினம் அண்ணை." ஹயாத்தை முதலில் போய்த் தூக்கியது அவனுடைய தாய். ஒரு சில நிமிடத்தில் அந்தக் கிழவி தப்பியிருக்கிறார். அதே மரியாதைதான் இரண்டு சாவின் காரணத்தையும் என் கண்ணிலிருந்து மறைத்தது. நல்ல பழக்கம் என்றால் அதைச் சோதிக்கத் தேவையில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். நீங்கள் அப்படி நினைக்கக்கூடாது. ஓரிடத்துக்குப் போனால், இங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்த ஆள் விழுந்த நேரத்தில் இங்கே என்ன ஓடிக்கொண்டிருந்தது, இப்போது என்ன நின்றிருக்கிறது என்று கேளுங்கள்.

பல்ப் எரிந்தது போதும், இனி ஜனாஸாவை விடுங்கள் என்று பலர் சொன்னார்கள். நான் திரைக்கு முன்னால் போய், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னேன்.

"அனுப்புங்க ஐயா" என்றது குரல். "வெட்டிப் பாக்கட்டும். இல்லாட்டி நாளைக்கு வேற கத வரும்."

அன்று பொழுதுபடுவதற்கு முதல் டொக்டர் சொல்லி அனுப்பினார். வயிற்றில் நஞ்சு ஒன்றுமில்லை. வலது உள்ளங்கையில், விரல்கள் மடங்குகிற இடத்தில், தீக்குச்சி சுட்டது போல ஒரு வெள்ளைப் புள்ளி. மின்சாரம். இது தெரிந்த பிறகு, ஹயாத்தின் பிரேதத்தைக் குளிப்பாட்டியவர்களில் ஒருவர் வந்து, அவன் கையிலும் அப்படி ஒரு புள்ளி கண்டதாகச் சொன்னார். ஏன் அன்று சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கல்லையே ஐயா" என்றார். உண்மைதான். நான் கேட்கவில்லை.

சார்ஜன்ட் தன் கொப்பியை மூடிக்கொண்டு போக ஆயத்தமானார். நானும் போயிருக்கலாம். ராவியாவின் அறிக்கையைச் சரியாக எழுதியாயிற்று, ஸீனத்தின் பெயரில் இருந்த பழியும் போயிற்று. ஆனால் அந்தத் திரையைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை. போய்க் கதிரையில் இருந்தேன்.

"புள்ள, டொக்டர் சொன்னது கேள்விப்பட்டனீங்களோ?"

"ஓம் ஐயா. மாமி வந்து சொன்னா. என்ட கையப் புடிச்சு அழுதா."

திரைக்கு அந்தப் பக்கம் பாய் விரிக்கிற சத்தம் வந்தது. குழந்தை தூங்கியிருக்க வேண்டும். அப்போது குரல் கேட்டது.

"ஐயா, ஒண்டு கேக்கிறன். இவர் மௌத்தான அண்டைக்கே இப்பிடி லைட்டப் போட்டுப் பாத்திருந்தா, என்ட தங்கச்சி இப்ப இரிப்பா. என்ன?"

சார்ஜன்ட் வாசலில் நின்று எனக்குக் கையைக் காட்டினார், வாருங்கள், ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று. எனக்கு வேண்டிய அளவு பதில் இருந்தது. உங்கள் மாமிதான் வெட்ட வேண்டாம் என்று அழுதார். நான் இரக்கப்பட்டேன். மில் நின்றிருந்தது. கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் உண்மை. எல்லாம் ஒரே நேரத்தில் நாக்கு நுனிக்கு வந்தது.

"ஓம்" என்று சொன்னேன்.

"அத அந்தக் கடதாசியில எழுதுவீங்களா?"

அதை எழுதுவதற்குப் படிவத்தில் இடம் இல்லை. எழுதினால் நீதவான் கூப்பிட்டுக் கேட்பார், வேலை போனாலும் போகும் என்று தெரியும். பேனையை எடுத்தேன். முதல் விசாரணையை நான் பிழையாகச் செய்தேன், அதைச் சரியாகச் செய்திருந்தால் ராவியா என்ற இந்தப் பிள்ளை இறந்திருக்க மாட்டாள் என்று ஓரத்தில் எழுதினேன். எழுதியதைத் திரைக்கு முன்னால் உரத்து வாசித்தேன்.

"இன்னொரு தரம் வாசிங்க ஐயா" என்றார் அவர்.

இன்னொரு தரம் வாசித்தேன்.